நகரத்துக்கு ஒரு முத்திரை, ஒரு கொடி: பெங்களூரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2025 செப்டம்பர் 2-ஆம் தேதி, அதுவரை பெங்களூரின் ஒரே மாநகராட்சியாக இருந்த பிபிஎம்பி என்ற பெயர் போனது. பெங்களூருக்கு ஒரே நாளில் ஐந்து மாநகராட்சிகள் வந்தன: மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. அவற்றுக்கு மேலே, முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட கிரேட்டர் பெங்களூரு ஆணையம். வரி ரசீது, டெண்டர் அறிவிப்பு, குப்பை வண்டியின் கதவு, அதிகாரியின் மேசை மேலிருக்கும் ஸ்டாம்ப் என எல்லாவற்றிலும் அடையாளம் மாற வேண்டிய நிலை. பெயர்ப்பலகையைப் பெயின்டர் ஒரு நாளில் மாற்றிவிடுவார். முத்திரை அப்படிப்பட்ட வேலை இல்லை. அவசரத்தில் யாரோ கம்ப்யூட்டரில் ஒட்டித் தந்த படம் முப்பது வருடம் நம் தலையில் இருக்கும்.

அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் என்று இந்த ஊரில் தலைமுறைகளாக இருக்கும் நம்மவர்களுக்கும் இதில் பேச இடமுண்டு. வார்டு கூட்டத்தில் எழுந்து பேசுபவர்கள், டிசைன் படிக்கும் பிள்ளைகள், அச்சகமும் ஸ்டாம்ப் கடையும் வைத்திருப்பவர்கள், எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன். மாநகராட்சி அளவுக்குப் போகவில்லை, எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு சின்னம் போதும் என்றாலும் வழி இதேதான்; படிகள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

முதல் படி: என்ன வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

முத்திரை, லோகோ, கொடி மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குவதில்தான் பாதி வேலைகள் கெட்டுப்போகின்றன.

முத்திரை சட்டப் பொருள். மாநகராட்சியை உண்டாக்கும் சட்டங்கள், அது தொடர்ந்து நிலைத்திருக்கும் அமைப்பு, அதற்கென்று ஒரு பொது முத்திரை உண்டு என்று சொல்லித்தான் தொடங்கும். மும்பைக்கான 1888-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், கர்நாடகத்தின் 1976-ஆம் ஆண்டு மாநகராட்சிகள் சட்டத்திலும் இந்த வாசகத்தைப் பார்க்கலாம். ஆணையர் மாறுவார், மேயர் மாறுவார், ஒப்பந்தத்தில் பதிந்த முத்திரை நிற்கும். அதைக் கையில் தாளை வைத்துக்கொண்டு ஓரடித் தொலைவிலிருந்து பார்ப்பார்கள்.

லோகோ விளம்பரப் பொருள். 2017 டிசம்பரில் கர்நாடக சுற்றுலாத் துறை பெங்களூருக்கு ஒன்றை வெளியிட்டது. தனக்கென லோகோ பெற்ற முதல் இந்திய நகரம் என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள். கன்னட எழுத்தும் ஆங்கில எழுத்தும் கலந்த வடிவம்; தொடக்கமும் முடிவும் சிவப்பில். இரண்டையும் சேர்த்துப் படித்தால் 'பி யூ', நீ நீயாக இரு என்று. டி-ஷர்ட்டுக்கு நல்ல யோசனை. ஆனால் சொத்துவரி நோட்டீஸில் அதைப் போட முடியாது.

கொடி பொது இடத்துப் பொருள். ஐம்பதடி தள்ளி, காற்றில் மடங்கி, பின்வெளிச்சத்தில் தெரிய வேண்டியது. காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் கோயிலுக்கு ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கொடி, கப்பலுக்கு ஒன்று, கள் விற்கும் கடைக்குக்கூட ஒன்று என்று பட்டினப்பாலை அடுக்கிக்கொண்டே போகிறது. தூரத்திலிருந்தே இன்ன இடம் என்று தெரிந்துவிடும். கொடியின் வேலை இன்றைக்கும் அதுதான்.

என் கருத்து: முதலில் முத்திரை. அது இல்லாமல் அலுவலகம் நடக்காது. கொடிக்கு நம் ஊரில் சட்டத் தேவை எதுவும் கிடையாது. அதற்கு நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: எதைத் தொடக் கூடாது

பேனாவை எடுப்பதற்கு முன் நான்கு வேலிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, அசோகச் சிங்கங்கள். தேசியச் சின்னத்தை முறையின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-இல் தனிச் சட்டமே வந்தது. அச்சு அசலாக வைத்தால்தான் குற்றம் என்றில்லை. அரசு சம்பந்தப்பட்டது என்று எண்ண வைக்கிற சாயல் போதும். இரண்டு ஆண்டு வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சங்கங்களின் லெட்டர்ஹெட்டில் சிங்கமுகம் சர்வ சாதாரணமாகக் கிடப்பதைப் பார்த்து, நாமும் வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது, மாநிலச் சின்னம். கர்நாடக அரசின் முத்திரையில் இருப்பது இருதலைப் பறவையான கண்டபேருண்டம். மைசூர் அரசர்கள் வழியாக வந்தது. சின்னங்கள், பெயர்கள் குறித்த 1950-ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய, மாநில அரசுகளின் சின்னத்தையும் முத்திரையையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. மாநகராட்சி வணிக நிறுவனம் இல்லைதான். இருந்தாலும் மாநில அரசின் பறவையை நகரமும் வைத்துக்கொண்டால் எந்தக் கடிதம் யாருடையது என்று தெரியாது. விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, தேசியக் கொடி. 2002-இல் வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி வேறு எந்தக் கொடியும் அதைவிட உயரமாகவோ, அதற்கு மேலாகவோ, பக்கத்தில் சரிசமமாகவோ பறக்கக் கூடாது. ஒரே கம்பத்தில் இரண்டையும் ஏற்றவும் கூடாது. நகரக் கொடிக்குத் தனிக் கம்பம், தாழ்ந்த கம்பம், தள்ளி நிற்கும் கம்பம்.

நான்காவது வேலி சட்டப் புத்தகத்தில் இல்லை. மஞ்சள்-சிவப்பு. 1960-களில் ம. ராமமூர்த்தி உருவாக்கிய கன்னடக் கொடியின் நிறங்கள் அவை. இந்த ஊரில் ஆட்டோ நிறுத்தம் தொடங்கி அலுவலக வாசல் வரை பறப்பவை. 2018 மார்ச்சில் சித்தராமையா அரசு, நடுவில் வெள்ளையும் கண்டபேருண்டமும் சேர்த்து மாநிலத்துக்கு ஒரு கொடியை அறிமுகப்படுத்தி, மத்திய அரசின் ஒப்புதலுக்கு அனுப்பியது. அது அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. நமக்கும் இதில் ஒரு முன்கதை உண்டு. 1970-இல் கருணாநிதி தமிழ்நாட்டுக்கு ஒரு கொடி மாதிரியை முன்வைத்தார். ஒரு மூலையில் தேசியக் கொடி, இன்னொரு மூலையில் கோபுரச் சின்னம். அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. மாநிலக் கொடிக்கே இந்தப் பாடு என்றால், நகரக் கொடியைக் கொண்டுவருபவர் அதை யாருடைய கொடிக்கும் போட்டியாகக் காட்டாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாம் படி: குழுவும் ஒரு பக்கக் கடிதமும்

குழுவில் ஏழெட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு வரலாறு தெரிந்தவர், ஒரு டிசைனர், அச்சுத் தொழில் தெரிந்தவர், மாநகராட்சிச் சட்டப் பிரிவிலிருந்து ஒருவர், ஒரு ஆசிரியர், ஊரில் வெவ்வேறு மொழி பேசுபவர்களில் சிலர். அச்சுக்காரரை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் குழு அமைப்பார்கள். அதன் விளைவை ஐந்தாம் படியில் பார்க்கலாம்.

குழுவின் முதல் வேலை வரைவது இல்லை. ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் எழுதுவது. சின்னம் எங்கெங்கே வரும், மிகச் சிறிய அளவு என்ன, எத்தனை நிறம், எழுத்து உண்டா, யார் இறுதி முடிவு எடுப்பார்கள், எந்தத் தேதிக்குள். இந்தக் கடிதம் இல்லாமல் கூடினால் முதல் கூட்டத்திலேயே ஆளுக்கொரு படத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் பேச்சு எல்லாம் 'என் படம், உன் படம்' என்றுதான் போகும்.

நான்காம் படி: எதை வரைவது

இங்கேதான் கொஞ்சம் தங்க வேண்டும். பெங்களூருக்குச் சின்னமாகக்கூடிய பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை. 1537-இல் கெம்பேகவுடர் கட்டிய பேட்டை. அவருடைய மரபில் எழுந்ததாகச் சொல்லப்படும் நான்கு காவல் கோபுரங்கள்: லால்பாக் பாறை மேல் ஒன்று, அல்சூர் ஏரிப் பக்கம் ஒன்று, கெம்பாம்புதி ஏரிக்கரையில் ஒன்று, மேக்ரி சர்க்கிள் அருகே ஒன்று. லால்பாக் பாறையே நகரத்தையெல்லாம் விடப் பல கோடி வருடம் மூத்தது. ஏரிகள். கரகம். ராகி. பேகூர்க் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்ததென்று சொல்லும் கல்வெட்டு ஒன்று பெங்களூருப் போரைப் பேசுகிறது. ஊர்ப் பெயருக்கு அவ்வளவு பழைய சாட்சி. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் திணிக்க வேண்டும் என்ற ஆசை வரும். ஏரிக்காரர் ஏரி கேட்பார், ஐடிக்காரர் சிப் கேட்பார், ஒருவர் மெட்ரோ ரயில் கேட்பார். எல்லாருக்கும் சரி சொன்னால் அது சின்னம் இல்லை, குழு உறுப்பினர் பட்டியல். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குமேல் ஒரு கோடுகூட வேண்டாம்.

தேர்ந்தெடுக்க நான் மூன்று கேள்விகள் வைப்பேன்.

இது இன்னும் ஐம்பது வருடம் உண்மையாக இருக்குமா? இதில் எண்ணிக்கைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இப்போது ஐந்து மாநகராட்சி என்பதால் ஐந்து இதழ், ஐந்து நட்சத்திரம் என்று வரைய யாருக்கும் கை வரும். 2007-இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். 2025-இல் ஐந்தாகப் பிரித்தார்கள். தில்லியில் 2012-இல் மூன்றாக்கி, 2022-இல் மறுபடியும் ஒன்றாக்கிவிட்டார்கள். நிர்வாகக் கணக்கை நம்பிச் சின்னம் வரைந்தால், அடுத்த சட்டத் திருத்தத்தில் அது பழங்கணக்கு ஆகிவிடும். காவல் கோபுரம் நான்கு என்பது வேறு வகை எண். அதை எந்தச் சட்டசபையும் மாற்ற முடியாது.

எண்ணிக்கையை வளரவிட்டு வெற்றி கண்ட ஊரும் உண்டு. சிகாகோவின் கொடி 1917-இல் வந்தபோது வெள்ளைத் துணி, இரண்டு வெளிர்நீலப் பட்டை, நடுவில் இரண்டு சிவப்பு நட்சத்திரம். ஒவ்வொரு நட்சத்திரமும் நகரத்தின் ஒரு பெரிய நிகழ்வுக்கு. 1933-இல் மூன்றாவது, 1939-இல் நான்காவது சேர்ந்தது. பட்டைகள் ஊரின் நீர்வழிகள். அந்த ஊரில் அந்தக் கொடியைத் தொப்பியிலும் கையில் பச்சை குத்தியும் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்வி: யாரை இது வெளியே நிறுத்துகிறது? திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேட்டை நினைத்துப் பாருங்கள். 31 ஏடுகள், ஒரு வளையம், வளையத்தில் முத்திரை. சோழர் முத்திரைகளின் நடுவே உட்கார்ந்த புலி. கூடவே பாண்டியனின் இரண்டு கயல், சேரனின் வில், மேலே வெண்குடை. இருப்பது மூன்றே சின்னங்கள், ஆனால் யார் யாருக்கு மேல் என்பதை வாசிக்கத் தெரியாதவனும் புரிந்துகொள்வான். வென்றவனின் முத்திரை அது. இன்றைய நகரத்துக்கு அந்தக் குரல் பொருந்தாது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் தன் கொடியையும் முத்திரையையும் 2024-இல் மாற்றியதற்குக் காரணமும் இதுதான். பழைய முத்திரையில் வெள்ளைக்காரர் உழுதுகொண்டிருப்பார், பழங்குடி மனிதர் குதிரையேறிப் போய்க்கொண்டிருப்பார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை மக்களிடமிருந்து வாங்கி, ஒரு ஆணையம் வடிகட்டியது. புதிய முத்திரையில் ஒரு நீர்ப்பறவை.

மூன்றாவது: ஒரு பத்து வயதுப் பிள்ளை பார்க்காமல் வரைந்துவிடுமா? முடியாது என்றால் திரும்ப உட்காருங்கள்.

எழுத்து விஷயத்தில் என் நிலை நம்மவர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். முத்திரையின் விளிம்பில் கன்னடம் இருக்க வேண்டும். அது இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி, இது அரசு ஆவணம். தேவையென்றால் ஆங்கிலமும். தமிழும் வேண்டும் என்று நாம் கேட்டால் தெலுங்கும் உருதும் அதே நியாயத்தோடு கேட்கும். முத்திரை பேருந்துப் பலகையாகிவிடும். கொடியில் எந்த எழுத்தும் வேண்டாம், எந்த மொழியிலும். படமாக இருந்தால் அது எல்லா வீட்டுக்கும் பொது.

ஐந்தாம் படி: முத்திரையை வரைதல்

முத்திரை கம்ப்யூட்டர் திரையில் வெல்வது சுலபம். மோசமான மைப்பேடில் வெல்ல வேண்டும்.

சுல்தான்பேட்டை, அவென்யூ ரோடு பக்கத்தில் அச்சுக் கடைகளும் ஸ்டாம்ப் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. வரைந்ததை எடுத்துக்கொண்டு அங்கே போய், மூன்று சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போடச் சொல்லுங்கள். அப்படி ஒரு கடையில் நான் பார்த்தேன். கோபுரம், அதில் ஏழு நிலை, ஒவ்வொரு நிலையிலும் பொம்மை என்று ஒருவர் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் நம்மூர்க்காரர்தான், படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கோயில் காலண்டருக்குச் சரி. ஸ்டாம்ப்ல வராது" என்றார். கொண்டுவந்தவர் கேட்கவில்லை. போட்டுத் தந்தார்கள். மை தொட்டு முதல் தடவை அழுத்தியபோது நிலைகள் தெரிந்தன. நாலாவது தடவை பொம்மைகளுக்கு நடுவே மை அடைத்துக்கொண்டது. பத்தாவது தடவை ஊதா நிறத்தில் ஒரு முக்கோணம், சுற்றிலும் படிக்க முடியாத எழுத்து. அலுவலகத்தில் ஒரு ஸ்டாம்ப் ஒரு நாளில் நூறு தடவை பதியும். பேடு பாதி நாள் காய்ந்திருக்கும், மீதி நாள் ஊறியிருக்கும்.

ஆகவே விதிகள் எளியவை. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி தாராளமாக இருக்கட்டும். கோட்டை விடத் திட்டான நிழல் வடிவம் நன்றாகப் பதியும். சாயல், நிழல், வண்ணக் கலவை எதுவும் வேண்டாம். முழுவதும் ஒரே நிறத்தில் நிற்க வேண்டும். விளிம்பு எழுத்தில் மாநகராட்சியின் பெயர் மட்டும். நிறுவிய ஆண்டு, குறிக்கோள், இணையதளம் எல்லாம் லெட்டர்ஹெட்டின் அடியில் போகட்டும். கன்னட எழுத்தில் ஒத்தெழுத்துகள், அதாவது ஒரு மெய்யின் அடியில் சேர்த்து எழுதும் இன்னொரு மெய், கீழே தொங்கும் என்பதால் விளிம்பின் அகலத்தை அதற்கேற்ப வையுங்கள். ஆங்கிலத்தை வைத்து அளந்தால் ஒத்துகள் வெட்டுப்படும்.

பிறகு சோதனைகள். ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எடுங்கள், அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்த படத்தை மறுபடி அச்சிடுங்கள். பச்சை நிறத் தாளில் பதியுங்கள். மையில்லாமல் தாளை அழுத்தி மேடாக்கும் எம்போசிங் கருவியில் ஒன்று செய்து பாருங்கள். பத்திரங்களுக்கு அது தேவைப்படும், அதில் மெல்லிய கோடுகள் தாளைக் கிழித்துவிடும். இவ்வளவிலும் அடையாளம் தெரிந்தால் முத்திரை தயார்.

ஆறாம் படி: கொடியை வரைதல்

முத்திரையை எடுத்து ஒரு துணியின் நடுவில் ஒட்டினால் கொடி ஆகிவிடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உலகம் முழுக்க இந்தக் கூத்து நடக்கிறது. வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 2004-இல் அமெரிக்க நகரங்கள் 150-இன் கொடிகளுக்கு மதிப்பெண் போட்டது. கடைசி இடம் பிடித்த போகடெல்லோ நகரத்தின் கொடியில் படத்தோடு, நாங்கள் போகடெல்லோ என்பதில் பெருமை என்று ஒரு வாசகம். வணிகக் குறியின் அடையாளம்கூட ஓரத்தில் இருந்தது. அந்த நகரம் கடைசியில் வெட்கப்பட்டு 2017-இல் புதிய கொடிக்கு மாறியது. முதல் இடம் வாஷிங்டனுக்கு: இரண்டு பட்டை, மூன்று நட்சத்திரம். ஆம்ஸ்டர்டாமின் கொடியும் அப்படித்தான். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, நடுவில் மூன்று வெள்ளைப் பெருக்கல் குறிகள். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

அளவு 3-க்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசியக் கொடியின் விகிதமும் அதுதான். துணியும் பெட்டியும் தையல்காரரின் கையும் அதற்குப் பழகியவை.

அடுத்து, காற்று. பெங்களூரில் ஆடி மாதத்தை விட்டால் கொடி பெரும்பாலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். தொங்கும் கொடியில் தெரிவது கம்பத்தை ஒட்டிய பகுதி மட்டும். பறக்கும் ஓரம்தான் முதலில் நைந்து கிழியும். இந்த இரண்டு காரணத்துக்காகவும் முக்கியமான வடிவத்தைக் கம்பத்துப் பக்கம், மேல் பாதியில் வையுங்கள். நடுவில் வைத்தால் அழகு என்று படத்தைப் பார்த்துத் தோன்றும். மொட்டைமாடியில் ஒரு மூங்கிலைக் கட்டி, பழைய வேட்டியில் பெயின்டால் வரைந்து, தெருமுனையிலிருந்து பாருங்கள், எண்ணம் மாறிவிடும்.

பின்பக்கமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். துணியின் மறுபுறம் படம் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பித் தெரியும். எழுத்து வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பக்கமும் நேராகத் தெரிய வேண்டுமென்றால் இரட்டைத் துணி தைக்க வேண்டும். கனம் கூடும், செலவு கூடும், காற்றில் எழும்பவே எழும்பாது.

நிறம் இரண்டு அல்லது மூன்று. வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் அடர் நிறம், அடருக்குப் பக்கத்தில் வெளிர். அடர்பச்சை மேல் அடர்நீலம் வைத்தால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு இரண்டும் கறுப்புத்தான். சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். கட்சி நிறங்களையும் பார்க்க வேண்டும். எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் அது ஏதோ ஒரு கட்சியுடையது என்று குழுவில் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கூட்டத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு ரவுண்டு காபி சொல்லி வையுங்கள். என்னைக் கேட்டால் வெள்ளையும் அடர்நீலமும், கூட ஜகரண்டா பூவின் ஊதா. மார்ச் மாதத்து பெங்களூரைப் பார்த்தவர் யாரும் அதற்குக் கட்சி கற்பிக்க மாட்டார்.

கொடிக்கும் முத்திரைக்கும் சம்பந்தமே இருக்க வேண்டாமா? வேண்டும். முத்திரையில் உள்ள ஒரே ஒரு வடிவத்தை, இன்னும் சுருக்கி, கொடியில் பெரிதாக வையுங்கள். காவல் கோபுரத்தின் நிழல் வடிவம் என்றால் இரண்டிலும் அதே கோபுரம். அது போதும்.

ஏழாம் படி: மக்கள் கருத்து

போட்டி வைக்கலாம், வாக்கெடுப்பை நம்பி முடிவை விட வேண்டாம். போட்டியில் வருபவை பெரும்பாலும் யோசனைகள். முடிந்த வடிவங்களாக இருக்காது. நல்ல யோசனையை எடுத்துத் தொழில் தெரிந்தவரிடம் திருத்த வேண்டியிருக்கும். அதற்காகவே விண்ணப்பத்தில், படைப்பின் காப்புரிமை மாநகராட்சிக்கு எழுதித் தரப்படும், தேவையான மாற்றங்கள் செய்யப்படலாம் என்று இரண்டு வரி இருக்க வேண்டும். பரிசுத் தொகையை முன்பே சொல்லுங்கள். பிள்ளைகள் கலந்துகொண்டால் பெற்றோர் கையெழுத்து. வந்த படங்களில் இணையத்திலிருந்து எடுத்தவை கட்டாயம் இருக்கும். இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றை இணையத்தில் படத்தை வைத்துத் தேடிப் பார்ப்பதோடு, பதிவான வணிகக் குறிகளோடும் ஒப்பிடுங்கள்.

சம்மதம் இல்லாமல் வைத்த சின்னம் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. அல்சூர் ஏரிப் பக்கத்தில் திருவள்ளுவர் சிலை 1991-லேயே தயாராகிவிட்டது. எதிர்ப்பால் துணி போர்த்தியபடியே 18 ஆண்டு நின்றது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, எடியூரப்பா முதலமைச்சராக இருந்தபோது, கருணாநிதி வந்து திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி முடிக்கத்தான் அத்தனை வருடம் ஆனது. கொடிக்கும் அதே கணக்கு: வரைவதற்கு ஒரு மாதம் என்றால், பேசுவதற்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள். கன்னட அமைப்புகளை இறுதியில் அழைத்துக் காட்டாமல், முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள்.

எட்டாம் படி: தீர்மானம்

படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை யார், எந்தச் சொற்களில் ஏற்றார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் நிறைவேற்றுவதே சிறந்தது. பிபிஎம்பியின் கடைசி மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு மாமன்றமே இல்லாமல் அந்த அமைப்பு கலைந்தது. அதிகாரி கையெழுத்தில் வந்த சின்னத்தை அடுத்து வரும் மேயர் முதல் வேலையாக மாற்றுவார். அவசரத்துக்கு ஆணையர் ஒரு தற்காலிக முத்திரையை வைத்துக்கொள்ளட்டும். 'தற்காலிகம்' என்று கோப்பில் எழுதியும் வைக்கட்டும்.

தீர்மானத்தில் படத்தை இணைத்தால் மட்டும் போதாது. படம் தொலைந்தாலும் மறுபடி வரையும்படி சொற்களில் இருக்க வேண்டும். தேசியக் கொடிக்கு ஐ.எஸ். 1 என்ற தர நிர்ணயமே இருக்கிறது. இழை முதல் சாயம் வரை எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் பின்பற்றிக் கதர்க் கொடி தயாரிக்கும் இடம் நம் மாநிலத்தில்தான், ஹூப்ளி பக்கத்து பெங்கேரியில். அந்த அளவு விரிவு நமக்கு வேண்டாம். இது மாதிரி இருந்தால் சரி:

"மாநகராட்சியின் கொடி நீளம் மூன்று பங்கும் அகலம் இரண்டு பங்கும் கொண்ட செவ்வகம். அகலத்தில் மேல் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை. கீழ் ஒரு பங்கு அடர்நீலம். வெள்ளைப் பகுதியில், கம்பத்து ஓரத்திலிருந்து கொடியின் நீளத்தில் கால் பங்கு தூரத்தை மையமாகக் கொண்டு, காவல் கோபுரத்தின் நிழல் வடிவம் அடர்நீலத்தில் அமையும். அதன் உயரம் வெள்ளைப் பகுதியின் உயரத்தில் நான்கில் மூன்று பங்கு. அதன் அடி நீலப் பட்டையைத் தொட்டு நிற்கும். கொடியின் எந்தப் பக்கத்திலும் எழுத்து இராது."

இதோடு நிறங்களைத் துல்லியமாகக் குறிக்கும் பேன்டோன் எண்கள், அச்சுக்கும் திரைக்கும் தனித்தனி அளவுகள், எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத மூல வெக்டர் ஃபைல் யாரிடம் இருக்கும் என்பது. முத்திரைக்குத் தனிப் பத்தி: யார் காவலில் இருக்கும், எந்த ஆவணங்களில் யார் முன்னிலையில் பதியும், நகல் எத்தனை. நகரக் கொடியைத் தனிமனிதர் யாரும் வீட்டில் ஏற்றலாம், சட்டையில் போடலாம். முத்திரையை யாரும் தொடக் கூடாது என்ற வேறுபாட்டையும் எழுதிவிடுங்கள். கொடியைப் பூட்டி வைத்தால் யாரும் அதைத் தன்னுடையதாக நினைக்க மாட்டார்கள். கடைசியாக, பழைய முத்திரை பதிந்த ஆவணங்கள் எல்லாம் செல்லும் என்று ஒரு வரி. இந்த வரி இல்லாமல் போனால் சொத்துப் பத்திரம் வைத்திருப்பவர்கள் கவுன்டரில் அலைவார்கள்.

கன்னட மூலத்தைச் சட்டப் பிரிவு சரிபார்த்த பிறகு வாக்கெடுப்பு, பிறகு அரசுக்கு அனுப்பி அரசிதழில் அறிவிப்பு. அறிவிப்பு வெளிவந்த எண்ணும் தேதியும் கைக்கு வரும்வரை ஒரு லெட்டர்ஹெட்கூட அச்சடிக்க ஆர்டர் கொடுக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: நடைமுறைக்குக் கொண்டுவருதல்

இருக்கும் தாளைத் தீர்த்துவிட்டுப் புதியதற்கு மாறுவது சிக்கனம். வண்டிகள் அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது மாறட்டும். கொடிக்கு மட்டும் முதல் நாளே எல்லா மண்டல அலுவலகத்துக்கும் மாற்றுத் துணியோடு இரண்டிரண்டாகக் கொடுங்கள். கிழிந்த கொடியை இறக்கும் பொறுப்பு யாருடையது என்று பெயரோடு உத்தரவு போடுங்கள்.

பழைய ஸ்டாம்புகளை விட்டுவிடுவார்கள், விடக் கூடாது. ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் பட்டியல் வாங்கி, ஸ்டாம்புகளைத் திரும்பப் பெற்று, ரப்பர் முகத்தைப் பிளேடால் குறுக்கே வெட்டி, பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொன்றின் கடைசிப் பதிவையும் அதே பக்கத்தில் பதிந்து தேதி எழுதிவிட்டால், பின்னால் யாராவது பழைய முத்திரையில் புதிய தேதி போட்டு ஆவணம் கொண்டுவந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.